ஒன்பதாம் வகுப்பில் கதை எழுத வைப்பது எப்படி

"எல்லாரும் ஆளுக்கொரு கதை எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். நாற்பது நோட்டில் பத்துப் பன்னிரண்டில் யாராவது லாரியில் அடிபட்டிருப்பார்கள். ஏழெட்டில் ஓர் அநாதைச் சிறுவன் படித்துக் கலெக்டர் ஆகியிருப்பான். இரண்டு உயிர் நண்பர்கள் இருப்பார்கள், ஒருவன் துரோகம் செய்வான், அப்புறம் அவனே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பான். மிச்சத்தில் பாதி போனில் கேட்டு வாங்கியது. அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் நம் பிள்ளைகள் யாரும் "பொன்னிறக் கதிர்கள் மெல்லப் பரவிய அந்தக் காலை வேளையில்" என்று பேச்சை எடுக்க மாட்டார்கள். எல்லாக் கதைகளும் "எனவே நாம்" என்று தொடங்கும் ஒரு வரியில் முடியும். எழுதிய பிள்ளை மட்டும் எந்தக் கதையிலும் இருக்காது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. முன்னுரை, நடுவில் நாலு உட்தலைப்பு, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் போட்டு எழுதினால்தான் மதிப்பெண் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு அது வேண்டும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதே கையோடு கதைக்குப் போனால் முடிவுரையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் வாரம் ஒரு பீரியட் ஒதுக்கிக் கதை எழுத வைக்கிறேன். எது நடந்தது, எது சொதப்பியது என்று இங்கே சொல்கிறேன். பத்தாவதையும் பிளஸ் டூவையும் தொடாதீர்கள். ஸ்பெஷல் கிளாஸ், ரிவிஷன் டெஸ்ட் என்று ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளையை நிறுத்தி, உன் வாழ்க்கையை எழுது என்றால் பாவம்.

பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள்

பிள்ளைப் பருவத்திலிருந்து ஒருவர் வெளியே வருவதைச் சொல்லும் கதைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? முதல் வருடம் அசட்டுத்தனமாக "வயதுக்கு வருகிற கதைகள்" என்று போர்டில் எழுதிவிட்டேன். பெண்கள் வரிசை தலையைக் குனிந்துகொண்டது, பையன்கள் பக்கம் கடைசி பெஞ்சு விழுந்து விழுந்து சிரித்தது. மஞ்சள் நீராட்டு, பந்தல், மைக் செட், ஃபிளெக்ஸ் என்று அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு முழு விழா இருக்கிறதே. இப்போது "பதின்பருவக் கதை" என்கிறேன். கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும், பரவாயில்லை. அப்படின்னா என்ன சார் என்று கேட்டால் ஒரே வரிதான் சொல்வேன்: நேற்றுவரை செய்துகொண்டிருந்த ஒன்றை இனிமேல் செய்ய முடியாது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வருகிற கதை.

முதல் இரண்டு பீரியட் பேனா வேண்டாம்

வாசித்துக் காட்டுங்கள். நீங்களே வாசியுங்கள், நன்றாக வாசிக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறக்காதீர்கள். நான் எப்போதும் எடுப்பது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. அவர் இறந்த பிறகு, 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதே பெயரிலுள்ள தொகுப்புக்குத்தான் கிடைத்தது. பிள்ளைகள் கும்பலாக ஒருவர் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உரிமையோடு அமர்க்களம் செய்வார்கள். அவர் அதில் இரண்டு பேருக்கு டைரி கொடுப்பார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்காது. அப்புறம் ஒருநாள் சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு வரவைத்து, உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டுவான். இதைத் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரச் சொல்வான்.

அவன் டைரியை எடுக்கிற இடத்துக்கு ஒரு வரி முன்னால் நிறுத்திவிடுங்கள். இவன் எதற்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பான் என்று கேளுங்கள். பிறந்தநாள் என்பார்கள், அப்பாவிடம் சொல்லித் திட்டு வாங்கித் தரப்போகிறான் என்பார்கள், ஒரு தடவை ஒருத்தி "சும்மா, அவங்க வீட்டையும் பாக்கட்டும்னு" என்றாள், எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. அப்புறம் முடிவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். பேசாதீர்கள். மணி அடிக்கிற நேரம் பார்த்து இதைச் செய்வது இன்னும் நல்லது. இந்தக் கதை கூறும் நீதி யாது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள்.

அடுத்த பீரியடில் கதையை நகலெடுத்துக் கையில் கொடுத்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: சாரங்கனுக்கு வலித்தது என்று உனக்கு எந்த இடத்தில் தெரிந்தது, விரல் வைத்துக் காட்டு. பத்துப் பேர் பத்து இடத்தில் வைப்பார்கள், சண்டை வரும், வரட்டும். எழுதுகிறவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர் அதைத் தானே கண்டுபிடிப்பார் என்பது இந்தச் சண்டையில் புரிகிற அளவுக்கு எந்த விளக்கத்திலும் புரியாது.

பிளஸ் ஒன்னில் நாவல் கேட்கிற பிள்ளை வருடத்துக்கு ஒன்றாவது இருக்கும். அதற்கு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' கொடுப்பேன். சுதந்திரத்துக்குப் பின் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் அந்த ஓராண்டு, செகந்திராபாத், கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரியும் சந்திரசேகரன். முடிவு கனமானது, ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

எப்போது உன்னை 'வாங்க' என்றார்கள்?

மூன்றாவது பீரியடில் பேனா எடுக்கலாம், ஆனால் கதை எழுத இல்லை, பட்டியல் போட. வளர்ந்துவிட்டோம் என்பதை எழுத மற்ற மொழிக்காரர்கள் என்ன பாடுபடுவார்களோ தெரியாது, நமக்கு அது வினைச்சொல்லின் வாலிலேயே தொங்குகிறது. "முதன்முதலாக உன்னை யார் 'வாங்க', 'போங்க' என்று சொன்னார்கள், அப்போது உனக்கு எப்படி இருந்தது?" இதுதான் என் முதல் கேள்வி. முடிவெட்டும் கடையில் பலகை போடாமல் நேராக நாற்காலியில் உட்காரச் சொன்ன அண்ணன், "உள்ள போங்க" என்ற கண்டக்டர் என்று ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடம் போனால் ஆழத்துக்குப் போகும். கோடை விடுமுறை முழுக்க வாடா போடா என்று மரம் ஏறி விளையாடிய அத்தை மகனை, அடுத்த விடுமுறையில் "வாங்க" என்று கூப்பிடச் சொல்லி அம்மா கண்ணைக் காட்டியதை ஒரு பெண் எழுதினாள். "அவன் வரவே இல்லை, 'வாங்க'தான் வந்தது" என்பது அவள் வரி.

மற்ற கேள்விகளையும் இதே மாதிரி கையில் பிடிக்கக் கூடியதாக வையுங்கள். பாட்டி பக்கத்தில் படுப்பது எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள்? பஸ்ஸில் அரை டிக்கெட் முழு டிக்கெட் ஆனது எப்போது? வீட்டில் பணம் இல்லை என்பது யாரும் சொல்லாமல் உனக்கு எப்படித் தெரிந்தது? அப்பா அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்ட நாள் உண்டா? எந்த விளையாட்டை விட்டாய்? "உன் வாழ்வில் மறக்க முடியாத நிகழ்ச்சி" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் லாரி வந்துவிடும்.

பத்து வரி, ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல், விளக்கம் வேண்டாம், நான் வாங்கிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே பார்க்காமல் இருங்கள். எழுதி முடித்ததும் இதில் யாரிடமும் சொல்லவே கூடாதது எது என்று மனதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்தபடியாகச் சொல்லத் தயங்குவதை எடுக்கச் சொல்லுங்கள். முதலாவது இன்னும் காயமாக இருக்கும், நாற்பது பேர் வகுப்பு அதைத் திறக்கும் இடம் இல்லை. பத்தாவது சவசவ என்று இருக்கும். இரண்டாவதில்தான் கதை கிடைக்கிறது.

அம்மா எப்போதிருந்து 'உணவு பரிமாற' ஆரம்பித்தார்?

"அம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது, விரைவாக உணவு பரிமாறுங்கள்." வெண்ணிலா கபடிக்குழு மாதிரி திரிகிற பையன் நோட்டில் இப்படி எழுதியிருப்பான். வீட்டில் என்னடா சொல்லுவே என்றால் "சோறு போடும்மா" என்பான். அப்ப அதை எழுது என்றால் திருட்டுத்தனம் செய்யச் சொன்னது போல என் முகத்தையே பார்ப்பான். "மார்க் குறைச்சிருவீங்களா சார்?"

இதற்கு ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது. இன்று ராத்திரி உன் வீட்டில் பேசுகிற ஐந்து வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டு வா, யார் பேசியது என்று எழுதாதே, நாங்களே கண்டுபிடிக்கிறோம். மறுநாள் வகுப்பில் ஒரே கூத்தாக இருக்கும். "இது தாத்தா", "இது டிவி", "இது பக்கத்து வீட்டுக்காரங்க தண்ணிச் சண்டை". வந்தாக, வந்தாவ, வந்தாங்க என்று ஒரே வகுப்பில் மூன்று ஊர் இருப்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கே தெரிகிறது. 'சாப்ட்டியா' என்பதற்கு என்ன எழுத்து போடுவது என்று கேட்பார்கள். காதில் கேட்டபடி போடு, ஆனால் முதல் பக்கத்தில் போட்டதையே கடைசிப் பக்கத்திலும் போடு. சட்டம் அவ்வளவுதான். பேச்சு வீட்டுத் தமிழில் இருக்கட்டும், மற்ற இடம் எப்படி வருகிறதோ அப்படி.

"பிள்ளைங்களுக்குக் கொச்சைத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறீங்களாமே" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு விரிவானத்தில் வந்த கந்தர்வனின் 'தண்ணீர்' கதையை எடுத்து, அதில் ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காட்டினேன். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டிருக்கிறார் என்றும் சொல்லி வைத்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒரு நோட்டைத் திறந்து பார்ப்போம்

பையனிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித் தருகிறேன். முதல் வரைவு இவ்வளவுதான்:

"எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த பிறகும் என் தாய் எனக்கு அரை டிக்கெட் எடுத்தார். நடத்துநர் என் வயதைக் கேட்டார். நான் உண்மையைக் கூறினேன். என் தாய் மிகவும் வருத்தமடைந்தார். எனவே நாம் வறுமையிலும் நேர்மையாக வாழ வேண்டும்."

நான் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதினேன். கண்டக்டர் கேட்டபோது அம்மாவின் கை எங்கே இருந்தது? வருத்தம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? நிஜமாகவே நேர்மைக்காகத்தான் சொன்னாயா? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதாமல் நேரில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "முன்சீட்டுல எங்க கிளாஸ் பொண்ணு உக்காந்திருந்துச்சு சார்." இதை ஏண்டா எழுதலே என்றேன். "அது கதைக்குத் தேவையில்லைன்னு நெனச்சேன்."

மூன்றாவது வரைவில் அதே இடம்:

"கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'தம்பிக்கு எத்தன வயசும்மா?' அம்மா என் முழங்காலை அமுக்கியது. குனிஞ்சு உக்காருன்னு அர்த்தம். 'பதினொண்ணு முடியல சார்.' முன்சீட்டு மஞ்சள் ரிப்பன் திரும்பவில்லை, ஆனால் பேச்சை நிறுத்திவிட்டது. 'பதிமூணு' என்றேன். அம்மா சுருக்குப்பையைத் திறந்து இன்னும் பதினேழு ரூபாய் எண்ணிக் கொடுத்தது. ஊர் வரும்வரை ஜன்னலையே பார்த்தது. இறங்கியதும் அரிசி மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்தது. 'முழு டிக்கெட்டுல்ல, தூக்கு.'"

'என் தாய் எடுத்தார்' என்பது 'அம்மா அமுக்கியது' என்று ஆனதைக் கவனியுங்கள். அவன் வீட்டில் அம்மா சொல்லுச்சு, அம்மா வந்துச்சு என்றுதான் சொல்வார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அந்த ஒரு விகுதி மாறியதும் அந்த அம்மா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அரிசி மூட்டை முதல் வரைவில் கிடையாது. இறங்கினதும் என்ன ஆச்சு என்று நான் சும்மா வாய்ப்பேச்சாகக் கேட்டபோதுதான் வந்தது.

இந்த வரைவுக்குக் கடைசியில் "அன்று நான் பெரியவன் ஆனேன்" என்று ஒரு வரி போட்டிருந்தான். நீதி போனால் இது வரும், எல்லாப் பிள்ளைகளும் போடுவார்கள். அதற்கு மடிப்பு வேலை என்று ஒன்று வைத்திருக்கிறோம். கதையின் கடைசி ஐந்து வரியைப் பின்பக்கமாக மடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். அவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை என்றால் மடித்தது மடித்ததாகவே இருக்கட்டும். குறைகிறது என்றால் ஒவ்வொரு வரியாகத் திறக்கலாம். அவன் நோட்டில் ஒரு வரி மட்டும் மடிந்தே போயிற்று. நானே அடித்துவிட்டிருந்தால் வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பான்.

சிவப்புப் பேனா, மார்க்கு, இன்ன பிற

பென்சில் மட்டும். கேள்விகள் மட்டும். ஒரு வரைவுக்கு மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள், நாற்பது நோட்டு உங்களாலும் முடியாது. ஒற்றுப்பிழை, லகர ளகரம் எல்லாம் நல்ல பிரதி எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். தமிழாசிரியர் கைக்கு இது பெரிய தண்டனை, எனக்கு முதல் பருவம் முழுக்க விரல் அரித்தது. மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் மூன்று வரைவு முடித்தவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். எழுதுவது வகுப்பிலேயே நடக்கட்டும். வீட்டுக்கு அனுப்பினால் போன் எழுதிக் கொடுத்துவிடும்.

வாசித்துக் காட்டுவது எழுதியவர் விருப்பம். கேட்பவர்கள் 'சூப்பர்', 'மொக்கை' இரண்டும் சொல்லக் கூடாது, எந்த இடம் மனதில் நிற்கிறது என்று மட்டும் சொல்லலாம். நீங்களும் ஒன்று எழுதி அவர்கள் முன்னால் வாசியுங்கள். நான் எழுதியதைக் கேட்டுவிட்டு, "கடைசில அஞ்சு வரி மடிக்கணும் சார்" என்றார்கள். மடித்தேன்.

நோட்டைப் பூட்டி வையுங்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வருடம் ஒரு பெண்ணின் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். யாரோ எடுத்துப் படித்து, இரண்டு பேர் வாய் மாறி, சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைப் பற்றி நாலு வரி, அவ்வளவுதான். நாலு நாள் அவள் வரவில்லை. வந்த பிறகு என் வகுப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து நோட்டுகள் பீரோவில், சாவி என் பையில். காதல் வரும், வராமல் இருக்காது, அதைக் கதையாக மட்டும் படியுங்கள், அப்பாவுக்குப் போன் போடாதீர்கள். நிஜப் பெயர், தெருப் பெயர், சாதிப் பெயர் வந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் ரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "நீ எழுதுவதை யாரிடமும் காட்ட மாட்டேன், ஆனால் உனக்கு யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டேன்." கதை என்ற பெயரில் பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பிள்ளை எழுதினால், கற்பனையாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அப்படி நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் வந்தாலும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் போர்டு ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், இன்னும் விவரமாக எழுது என்று சொல்லாதீர்கள், அங்கே நம் எழுத்து வாத்தியார் வேலை முடிந்தது.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவைத் தெய்வமாக நினைக்கும் பெண், அம்மா ஊரில் இல்லாத நாட்களில் வயதுக்கு வருகிறாள். அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள், அம்மா வந்து சொல்லும் சில சொற்களில் எல்லாம் நொறுங்கிவிடுகிறது. பதின்பருவம் பற்றித் தமிழில் எழுதிய கதைகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. பிளஸ் ஒன் பெண்களுக்குப் படிக்கக் கொடுப்பேன், பையன்களுக்கும் கொடுப்பேன், கலந்த வகுப்பில் விவாதம் வைக்க மாட்டேன். பேச வேண்டும் என்று தோன்றுகிற பெண்கள் எங்கள் பள்ளி டீச்சர் ஒருவரிடம் போய்ப் பேசுவார்கள், அதை முன்கூட்டியே அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

வருடக் கடைசியில் ஒரு கையெழுத்து இதழ் போடுவோம். ஒரே பிரதி, புனைபெயர், படம் வரைய இரண்டு பேர், அட்டை போட ஒருவன், அது நூலக பீரியடில் மட்டும் கை மாறும். வெளியே அனுப்ப ஆசைப்படுகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இருக்கிறது. நோட்டுகளை ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் யாரையும் பிடிக்க முடியாது, மே மாதம் ஸ்டாஃப் ரூமைச் சுத்தம் செய்யும்போது எல்லாம் எடைக்குப் போய்விடும்.